கிலோ ஜூலியட்டின் இடது கால்

நவம்பர் 6, திங்கள்

இந்த நோட்டை வேலைக் குறிப்புக்காக வாங்கினேன். டிசம்பர் முடிகிறவரை என்ன செய்தேன், என்ன பாக்கி என்று எழுதி வைத்தால் எங்கள் விமானக் கம்பெனியின் ஆவணப் பிரிவு மேனேஜர் வரதராஜுலு சார் கேட்கும்போது முழிக்க வேண்டாம். நடுவில் வீட்டு விஷயமும் வரத்தான் செய்யும். எனக்கு வேறு நோட்டு கிடையாது.

காலையில் சார் கூப்பிட்டார். எங்கள் விமானங்களில் ஒன்றை ஜனவரியில் குத்தகைக்கு விட்டவர்களிடம் திருப்பிக் கொடுக்கிறோம். அதற்கு முன்னால், டிசம்பர் 11 முதல், அது பழுது பார்க்கிற ஹேங்கரில் நிற்கும். சக்கரக் கால்கள் மூன்றையும் கழற்றி வேறு மாட்டுவார்கள். அதற்குள் காகிதமெல்லாம் சரியாக இருக்கவேண்டும். ஆயுள் வரம்புள்ள ஒவ்வொரு பாகத்துக்கும் அது பிறந்த நாளிலிருந்து கணக்குக் காட்டவேண்டும். எந்தத் தொழிற்சாலையில் செய்தது, எந்தெந்த விமானத்தில் இருந்தது, எத்தனை முறை தரையிறங்கியது என்பதெல்லாம்.

"பதினாறு வருஷ சர்வீஸ் உனக்கு. கிலோ ஜூலியட்ட உன் கையில குடுத்துட்டேன் மங்களேஸ்வரி. இனிமே நான் கவலைப்பட மாட்டேன்" என்றார் சார்.

விமானத்தின் பதிவெழுத்துகள் ஐந்து. நாங்கள் யாரும் ஐந்தையும் சொல்வதில்லை. கடைசி இரண்டு கே, ஜே. ரேடியோவில் சொல்கிற மாதிரி கிலோ ஜூலியட்.

கேஸ் புக் செய்யவேண்டும். மழை. மூன்று நாள் துணி காயவில்லை.

நவம்பர் 8, புதன்

பெட்டி 1, 2, 3 முடிந்தது. எஞ்சின் காகிதங்கள் சுத்தம்.

மாலையில் மாடிப்படியில் கோமதிநாயகம் அண்ணாச்சி நிறுத்திக்கொண்டார். கீழ் வீட்டுக்காரர். பம்மல் பஸ் நிறுத்தத்தில் பாத்திரக்கடை வைத்திருந்து போன வருஷம்தான் மகனிடம் விட்டார். அவர் மகளுக்குப் போர்ட் பிளேரில் குழந்தை பிறந்திருக்கிறது. அவரும் ஆச்சியும் 17-ஆம் தேதி போகிறார்கள். முதல் விமானப் பயணம். எங்கள் கம்பெனி டிக்கெட்.

"ஏம்மா, பிளேன் வால்பக்கம் இங்கிலீஷ்ல எழுதியிருக்கே, அது என்ன, வண்டி நம்பரா?"

"அது மாதிரிதான் அண்ணாச்சி. முதல் ரெண்டு எழுத்து நாட்டுக்கு. வி, டின்னா இந்தியா. மிச்சம் மூணு எழுத்த டெல்லில குடுப்பாங்க. கம்பெனி விருப்பப்பட்டுக் கேட்டாலும் குடுப்பாங்க. எஸ்ஓஎஸ் மாதிரி ஆபத்துக்குக் கூப்பிடுற எழுத்து மட்டும் தரமாட்டாங்க."

"வண்டிய வித்துட்டா?"

"வெளிநாட்டுக்குப் போச்சுன்னா நம்ம எழுத்த அழிச்சிட்டு அவங்க எழுத்த எழுதிக்குவாங்க. நம்ம எழுத்து சும்மா கிடக்கும். பின்னால யாராவது கேட்டா வேற பிளேனுக்குக் குடுத்துருவாங்க."

"அப்பம் ஒரே நம்பர்ல ரெண்டு வண்டியா?"

"ஒரே நேரத்துல இல்ல. ஒண்ணு போனப்பறம் ஒண்ணு. தொழிற்சாலைல அடிச்ச எண் ஒண்ணு இருக்கு, அதுதான் மாறாது."

அவர் யோசித்தார். "கீழ விழுந்த பிளேனோட எழுத்தையும் குடுப்பாங்களா?"

"அத யாரும் கேக்கமாட்டாங்க அண்ணாச்சி."

பின்னாலிருந்து ஆச்சி, "ஏட்டி, அவொகிட்ட ஒண்ணும் சொல்லாத, ராத்திரி பூரா அதையே பேசுவாக" என்றாள். மூவரும் சிரித்தோம்.

நவம்பர் 10, வெள்ளி

மதியம் சாப்பாடு இறங்கவில்லை. எழுதினால் தெளிவாகுமா என்று பார்க்கிறேன்.

கிலோ ஜூலியட்டின் இடது காலில் ஒரு பின் இருக்கிறது. என் முன்னங்கை நீளத்துக்கு எஃகு உருளை. காலை இறக்கையோடு பிணைத்து வைப்பது அது. பதினெட்டாயிரம் முறை தரையிறங்கிவிட்டால் அதைக் கழற்றித் தூக்கிப்போடவேண்டும். பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது என்று விட்டுவைக்கக் கூடாது. கம்ப்யூட்டரில் அதன் கணக்கு 9,012. பாதி ஆயுள் மிச்சம்.

ஐந்தாம் பெட்டியில் அந்தப் பின்னின் பழைய காகித அட்டை கிடைத்தது. இரண்டு பக்கம். முதல் பக்கத்தில்: 2006-இல் கிலோ ஜூலியட்டில் புதிதாக மாட்டியது, 2011-இல் கழற்றியது, 9,640 தரையிறக்கம். இரண்டாம் பக்கத்தில்: 2018-இல் கிலோ ஜூலியட்டில் மாட்டியது.

2006-இல் இந்த விமானம் பிறக்கவே இல்லை.

அது பழைய கிலோ ஜூலியட். 2012-இல் திருப்பிக் கொடுத்தோம், எங்கேயோ பாலைவனத்தில் பிரித்துப் போட்டார்கள், எழுத்து ரத்தானது. மூன்று வருஷம் கழித்து இப்போதிருக்கிற விமானம் வந்தபோது சேர்மன் அதே எழுத்தைக் கேட்டு வாங்கினார். எண்கணித ஜோசியர் சொன்னாராம். அன்று ஆபீஸில் லட்டு கொடுத்தார்கள். பழைய விமானத்தின் கால் பழுது பார்த்து ஸ்டோரில் கிடந்தது. 2018-இல் அதைப் புதிய விமானத்துக்கு மாட்டினார்கள். அதில் தப்பில்லை, இன்னும் ஆயுள் இருந்தது.

தப்பு 2019 மார்ச்சில் நடந்திருக்கிறது. காகிதத்திலிருந்த எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றினோம். அந்த சாஃப்ட்வேர் விமானத்தைப் பதிவெழுத்தை வைத்து அடையாளம் காணும். ஒரே பாகத்துக்கு ஒரே எழுத்தில் இரண்டு பக்கம் வந்தால், இரண்டும் ஒன்றுதானா என்று ஒரு சின்னப் பெட்டி கேட்கும். யாரோ 'ஆம்' என்று அழுத்தியிருக்கிறார்கள். முதல் பக்கம் காணாமல் போய்விட்டது.

9,640 + 9,012. மூன்று தடவை கூட்டினேன். 18,652.

வரம்பைத் தாண்டி அறுநூற்று ஐம்பத்திரண்டு. ஜூலை மாதத்திலிருந்தே அது பறந்திருக்கக் கூடாது. ஒரு நாளைக்கு ஆறு முறை இறங்குகிறது.

நவம்பர் 11, சனி

658. அட்டை என் கைப்பையில் இருக்கிறது. நகல் எடுக்க எடுத்தேன், ஜெராக்ஸ் மெஷினில் ஆள் இருந்தது.

நவம்பர் 12, ஞாயிறு. தீபாவளி

எண்ணெய் தேய்த்துக் குளித்தோம். இட்லி, கறிக்குழம்பு. ஒவ்வொரு வெடிக்கும் உடம்பு தூக்கிப்போட்டது. "என்னைக்குமில்லாம என்ன பயம்?" என்று அவர் கேட்டார். என் வீட்டுக்காரர் ராஜாங்கம் டயர் கம்பெனியில் ஷிப்ட் பார்க்கிறவர். நாள் முழுக்க இரைச்சலில் இருப்பவருக்கு வெடி கேட்பதேயில்லை.

போனில் விமானங்கள் எங்கே பறக்கின்றன என்று காட்டுகிற ஆப் இருக்கிறது. எழுத்தைப் போட்டால் போதும், மஞ்சள் நிறத்தில் சின்னதாக ஒரு விமானம் கடல்மேல் நகரும். இன்று அதைப் பதினான்கு தடவை திறந்தேன். விசாகப்பட்டினம், சென்னை, போர்ட் பிளேர், சென்னை, கோவை, சென்னை. ஆறும் நல்லபடி.

664.

நவம்பர் 13, திங்கள்

லீவு. அவரிடம் சொன்னேன். மாவு அரைத்துக்கொண்டே சொன்னேன், முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்று.

முழுதும் கேட்டுவிட்டு, "இந்தப் பின்னு ஒடஞ்சா என்னாகும்?" என்றார்.

"இறங்கும்போது கால் மடங்கிடும்."

"அறுநூறு தரம் தாண்டியும் ஒடயலயே."

"அதுக்குன்னு ஒடயாதுன்னு இல்லங்க. வரம்பு வைக்கிறவங்க கொஞ்சம் விட்டுத்தான் வைப்பாங்க. எவ்வளவு விட்டிருக்காங்கன்னு நமக்குத் தெரியாது."

"டிசம்பர் பதினொண்ணுக்குக் கழட்டிருவாகன்னு சொன்னேல்ல?"

"ஆமா."

"அப்ப ஒரு மாசம்தான. அதுவாக் கழண்டு குப்பைக்குப் போயிரும். நீ ஏன் வாயத் தெறக்கணும்?"

கிரைண்டரை நிறுத்தினேன். அவர், "அன்னைக்கு ஏத்துனது யாருன்னு கம்ப்யூட்டர்ல இருக்குமா?" என்று கேட்டார்.

இருக்கும் என்றேன். யார் என்று அவர் கேட்கவில்லை.

நவம்பர் 14, செவ்வாய்

676. அந்தக் காலத்தில் 'ஆம்' அழுத்திய மற்ற அட்டைகளையும் தேடினேன். மொத்தம் முப்பத்தெட்டு. முப்பத்தேழு உண்மையிலேயே இரட்டைப் பதிவுகள். இது ஒன்றுதான் தப்பு. இதைக் கண்டதும் ஏதோ மெடல் வாங்கினமாதிரி கொஞ்ச நேரம் சந்தோஷமாக இருந்தது. என்னைப் பற்றி எனக்கே ஒன்றும் புரியவில்லை.

நவம்பர் 15, புதன்

682.

எழுதிவிடுகிறேன். ஏற்றியவர் என்ற இடத்தில் ம.ரா. என்று இருக்கிறது. 2019 மார்ச் 15, மாலை 3.52. என் பெயருக்குக் கீழே சரிபார்த்தவர் என்ற இடத்திலும் ம.ரா. சரிபார்க்கிறவர் அன்று லீவு, அவருடைய கடவுச்சொல் எல்லோருக்கும் தெரியும் என்று அதைப் போட்டு உள்ளே போய் என் எழுத்தையே தட்டிவிட்டேன்.

அன்று என்ன நடந்தது என்று நினைவிருக்கிறது. பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. யாருக்கும் உடம்பு சரியில்லாமல் போகவில்லை. பரமக்குடியில் என் தங்கை மகளுக்குக் காதுகுத்து. எழும்பூரில் ரயில் பிடிக்க நாலரைக்குள் திரிசூலம் ஸ்டேஷனில் இருக்கவேண்டும். நாற்பது அட்டை பாக்கி. பெட்டி வர வர 'ஆம்' 'ஆம்' என்று தட்டினேன். காதுகுத்தில் சாப்பாடு நன்றாக இருந்தது.

நவம்பர் 16, வியாழன்

சார் கேட்டார்: "ஏதாச்சும் குளறுபடி இருக்காம்மா?"

"எல்லாம் சரியா இருக்கு சார்."

அவர் தலையாட்டிவிட்டு டீ சொன்னார். எனக்கும் சேர்த்து.

மாலையில் கீழ் வீட்டுக்குப் போனேன். ஆச்சி முறுக்கும் சீடையும் டப்பாவில் அடைத்துக்கொண்டிருந்தாள். கூடத்தில் இரண்டு பெட்டி, ஒரு தொட்டில் கயிறு, கருப்பட்டி மூட்டை.

"அண்ணாச்சி, மழையா இருக்கே. அடுத்த மாசம் கடைசில போங்களேன். வானம் தெளிஞ்சிரும்."

"டிக்கெட்டு போட்டாச்சேம்மா."

"மாத்தித் தர்றேன். வேற கம்பெனி பிளேன்லகூடப் பார்த்துத் தர்றேன்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ஒன் கம்பெனிய விட்டுட்டு வேற கம்பெனியா? என்னம்மா, எதும் வெசயம் இருக்கா?"

இருக்கிறது என்று சொல்ல வாய்வரை வந்தது. "ஒண்ணுமில்ல. காலைல மழைன்னா லேட்டாகும், அதான்" என்றேன்.

"ஆனா ஆவட்டும். பேரனப் பாக்க மூணு மாசமாக் காத்திருக்கோம், மூணு மணி நேரத்துல என்ன போச்சு" என்றாள் ஆச்சி. எனக்கு ஒரு பொட்டலம் முறுக்கும் தந்தாள்.

நவம்பர் 17, வெள்ளி

ஆட்டோவில் பெட்டியை ஏற்றிவிட்டேன். எந்த விமானம் என்று காலையிலேயே பார்த்துவிட்டேன். கிலோ ஜூலியட்.

9.50-க்குக் கிளம்பியது. ஆபீஸ் கழிப்பறையில் போனை வைத்துக்கொண்டு நின்றேன். இரண்டு மணி நேரம் அங்கேயே நிற்க முடியாது, இடத்துக்கு வந்து, ஒரு காகிதத்தைப் பார்த்து, திரும்பவும் போய், இப்படியே. வங்காள விரிகுடா நடுவில் ஆப்பில் அந்த மஞ்சள் விமானம் மறைந்துவிட்டது. அங்கே சிக்னல் கிடையாது, தினமும் மறையும், எனக்குத் தெரியும். தெரிந்தும் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

12.04-க்கு இறங்கியது. அண்ணாச்சி போன் செய்தார். "சும்மா பஸ்ல போனாப்ல இருந்துச்சும்மா! இவதான் கண்ணத் தெறக்கவே இல்ல."

உடனே பசித்தது. கேன்டீனில் இரண்டு பரோட்டா சாப்பிட்டேன். பாதி சாப்பிடும்போது நினைப்பு வந்தது. அதில் இன்னும் நூற்று அறுபத்தாறு பேர் இருந்தார்கள். அவர்களை நான் ஒரு தடவைகூட நினைக்கவில்லை.

694.

நவம்பர் 18, சனி

700.

நவம்பர் 19, ஞாயிறு

706. ரேஷன் கடை, பருப்பு வரவில்லை. அவர் ஷிப்டுக்குப் போகும்போது வாசலில் நின்று, "இன்னும் இருபத்திரெண்டு நாள்" என்றார். அவரும் எண்ணுகிறார்.

நவம்பர் 20, திங்கள்

மதியம் ஹேங்கருக்குப் போனேன். ஸ்டெல்லா மேரி மாடிப்படியில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். லைசென்ஸ் வாங்கிய எஞ்சினியர். அவள் கையெழுத்து இல்லாமல் விமானம் நகராது. ராயபுரத்துக்காரி. நான் சேர்ந்த வருஷம்தான் அவளும் சேர்ந்தாள்.

"இன்னா மங்களா, மூஞ்சே சரியில்ல? பத்து நாளா ஆளு கரைஞ்சிட்டே."

"மழை. சளி."

"அட, உன் கிலோ ஜூலியட் நேத்து இன்னா பண்ணுச்சு தெரியுமா? போர்ட் பிளேர்ல காத்து. பைலட்டு தொப்புனு போட்டாரு. ஹார்டு லேண்டிங்னு புக்ல எழுதிட்டாரு. நான்தான் நேத்து சாயந்தரம் பாத்தேன்."

"என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆவல. கண்ணால பாத்தது, டார்ச் அடிச்சது எல்லாம் ஓகே. இடது கால் பின்ன மட்டும் கழட்டி டெஸ்ட் பண்ணலாமான்னு தோணுச்சு. அதுக்கு ஒரு நாள் வண்டி நிக்கணும். அப்புறம் உன் ரெக்கார்ட எடுத்துப் பாத்தேன். பாதி ஆயுசு பாக்கி கீதே! இளசு பின்னு, எதுக்கு வம்புன்னு கையெழுத்துப் போட்டு வுட்டேன்."

அவள் சாதத்தைப் பிசைந்தாள். நான் எதிரில் நின்றேன்.

"இன்னா பாக்குற?"

"ஒண்ணுமில்ல ஸ்டெல்லா."

இதுவரை நான் சும்மா இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சும்மா இருக்கவில்லை. நேற்று அந்தப் பின்னைக் கழற்றப் போன கையை நான் பிடித்துத் தடுத்திருக்கிறேன். அதில் அவள் கையெழுத்து இருக்கிறது. அந்த விமானம் விழுந்தால் முதலில் அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

712.

நவம்பர் 21, செவ்வாய்

காலை 10.40-க்கு சார் வந்தார். பை தோளில் இருக்கும்போதே உள்ளே போய் அட்டையை மேஜைமேல் வைத்தேன். எட்டு வரியில் எழுதியும் வைத்திருந்தேன், பேச வராவிட்டால் கொடுக்கலாமென்று. பேச வந்தது.

சார் கண்ணாடியை மாட்டி அட்டையின் இரண்டு பக்கத்தையும் படித்தார். கூட்டினார். கால்குலேட்டரில் மறுபடி கூட்டினார்.

"கதவச் சாத்தும்மா."

சாத்தினேன்.

"யாரு ஏத்துனது?"

"நான்தான் சார். சரிபார்த்ததும் நான்தான்."

"எப்ப தெரிஞ்சது உனக்கு?"

"நேத்து சாயந்தரம் சார்."

அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. வந்துவிட்டது.

சார் நெற்றியைத் தேய்த்தார். "டிசம்பர் பதினொண்ணு..." என்று ஆரம்பித்தார், முடிக்கவில்லை. போனை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார். ஓய்வுக்கு அவருக்கு இன்னும் ஏழு மாதம். பிறகு எண்களை அழுத்தினார். "கிலோ ஜூலியட் எங்க இருக்கு? போர்ட் பிளேர் போற வழியா? இறங்கினதும் நிறுத்துங்க. கிளம்பக் கூடாது. காரணம் அப்புறம் சொல்றேன், நிறுத்துங்க."

அப்படியானால் இன்னும் ஒருமுறை இறங்கவேண்டும். கடல் நடுவில் இருந்தது. திருப்பினாலும் இறங்கத்தான் வேண்டும். எங்கே இறங்கினாலும் அந்தக் காலில்தான்.

சார் வெளியே அனுப்பவில்லை. "உக்காரும்மா" என்றார். இருவரும் உட்கார்ந்திருந்தோம். அவர் தன் போனில் அதே ஆப்பைத் திறந்து மேஜைமேல் இருவருக்கும் தெரிகிற மாதிரி வைத்தார். மஞ்சள் விமானம் மறைந்தது. நாற்பது நிமிஷம் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். நடுவில் ஒருவர் ஃபைலோடு எட்டிப் பார்த்தார், எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

11.58. இறங்கியது. 715.

சார் எழுந்து தண்ணீர் குடித்தார். அவர் சட்டை முதுகு நனைந்திருந்தது.

நவம்பர் 22, புதன்

கணக்கு எழுதத் தேவையில்லை. நிற்கிறது. இத்தனை நாளில் முதல்தடவையாகக் காலை ஐந்தரைவரை தூங்கினேன்.

திரும்பவேண்டிய நூற்றறுபது சொச்சம் பேர் அங்கே மாட்டிக்கொண்டார்கள். மற்ற விமானங்களில் இடமில்லை. டிவியில் காட்டினார்கள், கவுண்டரில் கத்துகிறார்கள். அண்ணாச்சியும் ஆச்சியும் நேற்றுத்தான் திரும்பவேண்டும்.

அண்ணாச்சி போன் செய்தார். இத்தனை வருஷத்தில் அவர் குரலை உயர்த்திக் கேட்டதில்லை. "என்னம்மா கம்பெனி நடத்துதீய? ஏதோ ஒரு போல்ட்டாம், அதுக்கு ரெண்டு நாளா? மக வீட்டுக்குத் திரும்பிப் போவலாம்னா ரெண்டு மணி நேர ரோடு, அங்கயும் வெள்ளம். இவளுக்குக் காலு வீங்கிப்போச்சு. நல்லாத்தான வந்துச்சு அந்தப் பிளேனு!"

"மன்னிச்சுக்குங்க அண்ணாச்சி."

"நீ என்னம்மா பண்ணுவ" என்று வைத்துவிட்டார்.

ஸ்டெல்லா புதுப் பின்னோடு இன்று காலை அங்கே போனாள். போகுமுன் என் மேஜைக்கு வந்தாள். சார் சொல்லியிருக்கிறார். நான் எழுந்து நின்றேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"என் கையெழுத்து அதுல கீது மங்களா" என்றாள். அவ்வளவுதான். போய்விட்டாள்.

நவம்பர் 24, வெள்ளி

நேற்று எல்லோரும் வந்து சேர்ந்தார்கள், கிலோ ஜூலியட்டிலேயே. ஆச்சியை நானும் என் வீட்டுக்காரருமாகப் பிடித்து உள்ளே கொண்டுபோய் விட்டோம். இரண்டு காலும் வீங்கி இருந்தது. வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். அவள் என் கையைப் பிடித்து, குழந்தை யார் ஜாடை என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். உட்கார்ந்து கேட்டேன்.

நவம்பர் 28, செவ்வாய்

கழற்றிய பின்னைச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். மதியம் ஸ்டெல்லா போன் செய்தாள். பேசி ஆறு நாளாகிறது.

"உக்காந்துனு இருக்கியா?"

"ம்."

"உள்பக்கம் துரு. அதுலேர்ந்து ஒரு விரிசல். நகத்தளவு. கண்ணால பாத்தா தெரியாது, காந்தப் பொடி போட்டாதான் தெரியுது."

"இன்னும் எவ்வளவு தாங்கியிருக்கும்?"

"யாருக்குத் தெரியும்? ஆயிரம் தாங்கலாம். அடுத்ததுலயே போவலாம். லேப்காரன் சொல்ல மாட்றான், நானும் கேக்கல."

போனை வைத்ததும் நிம்மதி வரும் என்று காத்திருந்தேன். நல்லவேளை சொன்னாய் என்று நாலுபேர் வந்து சொன்னார்கள். ஒருவர் கை குலுக்கினார். போன வாரம் முழுக்க, அந்த விரிசல் இருக்காது, சும்மா காகிதத்தில்தான் தப்பு என்று உள்ளுக்குள் ஒரு மூலையில் நம்பிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. இனி அதுவும் இல்லை. பயம் முடியவில்லை. முன்னால் நடக்கப்போவதைப் பற்றி இருந்தது, இப்போது நடந்ததைப் பற்றி.

டிசம்பர் 4, திங்கள்

நாளை விசாரணை. மூன்று பேர். ஒருவர் டெல்லியிலிருந்து.

நீலச் சேலையை இஸ்திரி போட்டேன். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. நீதான கண்டுபிடிச்ச, நீதான சொன்ன. தட்டிக்கொடுத்து அனுப்பிருவாக" என்றார் அவர்.

டிசம்பர் 18, திங்கள்

இரண்டு வாரமாக எழுதவில்லை. முடிவு வந்துவிட்டது. ஆவணங்களில் கையெழுத்துப் போடும் அதிகாரத்தை மூன்று வருஷத்துக்கு ரத்து செய்துவிட்டார்கள். வேலை போகவில்லை. ஸ்டோருக்கு மாற்றம். டயர், எண்ணெய் டப்பா, கையுறை. வரதராஜுலு சாருக்கு எச்சரிக்கைக் கடிதம். கடவுச்சொல்லைப் பொதுவில் விட்டது அவர் பொறுப்பில் வருகிறது. சாஃப்ட்வேரை மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். இனி தொழிற்சாலை எண் போடாமல் எந்த அட்டையும் திறக்காது. கிலோ ஜூலியட் ஹேங்கரில் நிற்கிறது. ஜனவரியில் எழுத்தை அழித்து அனுப்பிவிடுவார்கள். அடுத்து வருகிற விமானத்துக்கும் அதே எழுத்தைக் கேட்டுச் சேர்மன் ஆபீஸிலிருந்து விண்ணப்பம் போயிருப்பதாக ஸ்டெல்லா சொன்னாள். அவள் இப்போது பேசுகிறாள், முன்மாதிரி இல்லை, ஆனால் பேசுகிறாள்.

அன்று விசாரணையில் நடந்ததை இதுவரை இதில் எழுதவில்லை. என் வீட்டுக்காரரிடமும் சொன்னது பாதிதான்.

எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னேன். காதுகுத்து, ரயில், நாற்பது அட்டை, எல்லாம். மூவரில் இருவர் தலையாட்டினார்கள், இது யாருக்கும் நடக்கக்கூடியதுதானே என்கிற மாதிரி. டெல்லிக்காரர் வயதானவர், தமிழர், விருதுநகர்ப் பக்கம். கடைசியில் அவர் ஒரு படிவத்தை என் பக்கம் நகர்த்தினார்.

"ஏழாவது கேள்விக்கு மட்டும் உங்க கையாலேயே எழுதிருங்கம்மா. தவறு உங்களுக்கு முதன்முதலாத் தெரிய வந்த தேதி. உங்க சார் ஸ்டேட்மென்ட்ல நவம்பர் இருபதுன்னு இருக்கு. அதையே போட்டுக் கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது."

சார் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் சொன்னதை நம்பி எழுதிக்கொடுத்திருந்தார்.

பேனாவை எடுத்தேன். வேறு யாருக்கும் தெரியாது. என் வீட்டுக்காரருக்குத் தெரியும், அவர் சாகும்வரை சொல்லமாட்டார். இந்த நோட்டுக்குத் தெரியும். இதைக் கிழித்து அடுப்பில் போட்டால் முடிந்தது. தட்டிக்கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

நவம்பர் 10 என்று எழுதினேன்.

டெல்லிக்காரர் படிவத்தைத் திருப்பிப் பார்த்தார். சாரைப் பார்த்தார். சாரும் எட்டிப் பார்த்தார், பிறகு நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். அதன்பிறகு அன்று முழுக்க அவர் என் பக்கம் திரும்பவில்லை.

"பத்தாந் தேதியா?" என்று கேட்டார் டெல்லிக்காரர்.

"ஆமா சார்."

"நிறுத்துனது இருபத்தொண்ணு. நடுவுல எத்தன தடவ இறங்குச்சுன்னு தெரியுமா?"

"அறுபத்து மூணு சார்."

அவர் படிவத்திலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தார். யோசிக்காமல் எண்ணைச் சொன்னது அவரைத் திடுக்கிட வைத்திருக்கவேண்டும்.

"அத்தன நாளும் என்னம்மா பண்ணிக்கிட்டிருந்தீங்க?"

"பயந்துக்கிட்டிருந்தேன் சார்."

"பிளேன நெனச்சா?"

"இல்ல சார். என்னைய நெனச்சு."

அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். எழுதி முடித்துப் படித்துக் காட்டினார். சரிதானா என்று கேட்டார். சரி என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.